பத்தரை மணிக் கையெழுத்து

ஜன்னல் ஓரம் நான் உக்காந்துக்கிறேன் சார், தப்பா நெனைக்காதீங்க. ரோட்டப் பாத்துக்கிட்டே வரணும் எனக்கு. எங்க வந்திருக்கோம், இன்னும் எம்புட்டுத் தூரம் கெடக்குன்னு தெரிஞ்சாத்தான் மனசு ஒரு நெலையில இருக்கும். நீங்க பஸ் ஸ்டாண்டுக்கா? அப்பச் சரி. நான் அதுக்கு முந்துன ஸ்டாப்பு. போலீஸ் ஸ்டேஷன் ஸ்டாப்பு.

மணி என்ன சார்? கையில கட்டியிருக்கது வேணாம், செல்லுல பாத்துச் சொல்லுங்க. ஒம்பது அம்பதா?

அடக் கொடுமையே, ரயில்வே கேட்டப் போட்டுட்டான் பாருங்க. ஒம்பது அம்பதுக்குக் கேட்டு விழுந்தா கூட்ஸ் வண்டி வருதுன்னு அர்த்தம். நம்ம பஸ்ஸு தெனமும் ஒம்பது நாப்பத்தஞ்சுக்கே இந்தக் கேட்டத் தாண்டிரும். இன்னைக்கு அஞ்சு நிமிஷம் தள்ளிப் போச்சு. எதுக்குத் தள்ளிப் போச்சு? நான் ஏறுறதுக்கு முன்னாடி நத்தப்பட்டியில ஒரு அம்மா கோழிக் கூடைய ஏத்தணும்னுச்சாம், கண்டக்டரு ஏத்தக் கூடாதுன்னாராம், கடைசியில ஏத்தியும் விட்டாராம். ஏத்துறவரு மொதல்லயே ஏத்தியிருக்கலாம்ல? கோழியால எனக்கு ஜாமீன் போகப் போகுது.

ஆமா சார், ஜாமீன்லதான் இருக்கேன். பயப்படாதீங்க. கொல குத்தம் ஒண்ணுமில்ல. நான் கொத்தனாரு. பேரு தவசி. இந்தச் சுத்துப்பட்டுல எந்த ஊருல வேணாக் கேளுங்க, தவசி கட்டுன செவுருல விரிசல் விழுந்துச்சுன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான். ஒரு கண்ணாடி ஒடைஞ்சிருச்சு, அம்புட்டுதான் கேஸு. பஸ்ஸுக் கண்ணாடி. பின்னாடி இருக்கும்ல, பெருசா ஒண்ணு, அது.

எந்த பஸ்ஸா? இந்த பஸ்ஸுதான் சார். திரும்பிப் பாருங்க. புதுசா பளபளன்னு இருக்கே, அது நம்மளால வந்ததுதான். பழசு அழுக்கேறி ஒண்ணுமே தெரியாது.

தெனமும் காலையில பத்தரை மணிக்கு ஸ்டேஷன்ல போயிக் கையெழுத்துப் போடணும். அதான் ஜாமீன்ல போட்ட கண்டிஷன். ஞாயித்துக்கெழமையும் உண்டு, பொங்கலுக்கும் உண்டு. எத்தன நாளைக்குன்னு கேளுங்க. மறு உத்தரவு வரும் வரை. அப்படித்தான் எழுதியிருக்கு. வக்கீல்ட்டக் கேட்டேன், மறு உத்தரவு எப்ப வரும்னு. அது கோர்ட்டுக்குத்தான் தெரியும்ங்கிறாரு. இன்னைக்கு நூத்திப் பன்னெண்டாவது நாளு. ஜெயில்ல இருந்தா இத்தன நாளுன்னு சொல்லிப் போடுவான், எண்ணிக்கிட்டாவது கெடக்கலாம். இதுக்கு எண்ணிக்கையே கெடையாது.

பத்தரை மணிங்கிறது எப்படிப்பட்ட நேரம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. கொத்து வேலைன்னா ஒம்பது மணிக்குச் சாந்து கொழைச்சிருக்கணும். பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டா திரும்ப எங்க ஊருக்கு ரெண்டேகாலுக்குத்தான் பஸ்ஸு, அதுவும் இதே பஸ்ஸுதான். வீடு போய்ச் சேர மூணரை. மூணரைக்கு மேல எந்தக் கொத்தனார எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? வெளியூர் போக முடியாது, ஒரு ராத்திரி வேற வீட்டுல தங்க முடியாது. எங்க மாமனாரு செத்ததுக்குக்கூட கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனேன். நான் போறதுக்குள்ள தூக்கிட்டாங்க.

டூவீலர் இல்லையான்னு கேப்பீங்க. ஒரு எக்செல் இருந்துச்சு, வக்கீலுக்குப் போயிருச்சு. ஊருப் பயலுக மொத ஒரு வாரம் வண்டியில கொண்டாந்து விட்டானுக. அப்புறம் என்னையப் பாத்தாலே வண்டி ரிப்பேருங்கிறான். வேகமாப் போடான்னு ஒரு வார்த்தை அதட்டுனேன், அது குத்தமாப் போச்சு. ஆக இந்த பஸ்ஸ விட்டா எனக்கு வேற நாதி கெடையாது. இந்தப் பக்கத்துக்கே ஒரே பஸ்ஸுதான.

ரெண்டு தடவ கையெழுத்துத் தவறிருச்சு சார். ஒரு தடவ பாலத்துக்கிட்ட வண்டி நின்னு போச்சு. இன்னொரு தடவ நேரத்துக்குத்தான் போனேன். ரைட்டர் வெளிய போயிருக்காரு, நோட்டு அவர்கிட்ட இருக்கு, உக்காருன்னாங்க. முக்கா மணி நேரம் உக்காந்தேன். அங்க இருந்த ஏட்டையா என்னையப் பாத்து, என்ன கொத்தனாரே, நம்ம ஸ்டேஷன் கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருக்கீரே, எதுவும் ஐடியா இருக்கான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நோட்டு வந்தாப் போடுறேன் வராட்டிப் போங்கன்னு எந்திரிச்சு வந்துட்டேன். நீங்களா இருந்தா உக்காந்திருப்பீங்களா? ஆனா அத ஆப்சென்ட்டுன்னு எழுதி வச்சுட்டான். இன்னும் ஒண்ணு தவறுனா ஜாமீன ரத்து பண்ண மனுப் போட்டுருவேன்னு இன்ஸ்பெக்டரு நேராவே சொல்லிட்டாரு. அடுத்த செவ்வாக்கெழம எங்க வக்கீலு, கண்டிஷனக் கொறைங்கன்னு மனுப் போடுறாரு. அதுக்கு இடையில நான் ஒரு நாள் தவறக் கூடாது. அரை நிமிஷம் தவறக் கூடாது.

இதுல இன்னொரு கூத்தக் கேளுங்க. அந்த ஸ்டேஷன் கடிகாரம் ஆறு நிமிஷம் முன்னாடி ஓடுது. நம்ம பத்து இருபத்திநாலுதான் அங்க பத்தரை. ஐயா, கடிகாரம் வேகமா ஓடுதுன்னு ஒரு நாள் சொன்னேன். ஏறிச் சரி பண்ணுறியான்னு கேட்டாங்க.

மணி என்ன? அம்பத்திமூணா? கூட்ஸ் சத்தமே காணோமே.

எதுக்கு எறிஞ்சேன்னு கேக்க மாட்டேங்கிறீங்களே. கேளுங்க. கேட்டாத்தான ஞாயம் தெரியும்.

எங்க ஊருக்கு ஸ்டாப்பு ஊத்துப்பட்டி விலக்கு, ஊருக்கு ரோடு பிரியுற எடம். மெயின் ரோட்டுல ஒரு போர்டு இருக்கும், அதுக்குப் பக்கத்துல பஸ் நிக்கணும். அன்னைக்கு எங்க தங்கச்சி கனகு மகனுக்குக் காது குத்து. டவுன்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்க மாரியம்மன் கோயில்ல. நான் தாய்மாமன். தாய்மாமன் மடியில வச்சுத்தான காது குத்தணும்? அவளுக்குக் கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான். நல்ல நேரம் ஒம்பதரையில இருந்து பத்தரை வரைக்கும். இந்த பஸ்ஸப் பிடிச்சா பத்து பத்துக்குப் போயிரலாம். புது வேட்டி, சந்தனக் கலர் சட்டை. எம் பொண்டாட்டி பேச்சி கையில சீர்த்தட்டு. எக்செல்லுல போவோம்னுதான் நான் சொன்னேன், தட்டு கவுந்துரும்னு அவதான் பஸ்ஸுன்னா. அவ பேச்சக் கேட்டது மொதத் தப்பு.

பஸ்ஸு வந்துச்சு. நான் கையக் காட்டுறேன். நிக்கல. போயிக்கிட்டே இருக்கான்.

இல்ல, ஸ்டாப்புலதான் நின்னேன். ஸ்டாப்புன்னா... போர்டு இருக்க பக்கம் ஒரே வெயிலு சார். எதித்தாப்புல புளியமரம். நெழலு அங்கதான இருக்கு. ஊரே அங்கதான் நிக்கும். பஸ்ஸக் கண்டதும் ரோட்டத் தாண்டி ஓடுவோம். அன்னைக்கு நான் தாண்ட ஒரு செகண்டு ஆயிப்போச்சு, ஏன்னா பேச்சி கிட்ட பழத்த எதுக்கு ஒரு சீப்பு கொறைச்சு வாங்குனன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். கேக்கணும்ல? சபையில வைக்கிற தட்டு. அந்த டிரைவரு எழுதிக் குடுத்திருக்காரு, நிறுத்தத்தில் பயணிகள் யாரும் இல்லைன்னு. கொளுத்துற வெயில்ல எவன் போர்டுக்கடியில நிப்பான்? ஒரு டிரைவருக்கு இது தெரிய வேண்டாமா?

ஓடுனேன். பஸ்ஸுக்குப் பின்னாலயே ஓடுனேன். அம்பத்தோரு வயசுல. ஓடுற ஓட்டத்துல வேட்டி அவுந்துருச்சு. புது வேட்டி இடுப்புல நிக்காது பாத்துக்கங்க. புளியமரத்துக்குக் கீழ நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைக இருபது பேரு உக்காந்திருந்தாங்க. ஒருத்தி சிரிச்சா, அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. நான் வேட்டியப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்குறேன். பேச்சி சிரிக்கிறா. தட்டக் கையில வச்சுக்கிட்டு, ஒடம்பே குலுங்கச் சிரிக்கிறா. எம் பொண்டாட்டி.

அப்பத்தான் சார் குனிஞ்சேன். ரோட்டோரம் ஜல்லி கெடந்துச்சு.

பஸ்ஸு நிக்கலைன்னு எறிஞ்சேன்னு கோர்ட்டுல சொல்லச் சொல்றாரு வக்கீலு. ஆத்திரத்துல, திடீர்னு, அப்படின்னு. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க உங்க பாட்டுக்குப் போயிருவீங்க. பஸ்ஸு நிக்காம எத்தனையோ தடவ போயிருக்கு, நான் கல்ல எடுத்ததில்ல. அவ சிரிச்சா சார். அதத்தான் என்னால தாங்க முடியல.

அதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பாக்கல. வீட்டுல சோத்த வைப்பா, தண்ணிய வைப்பா, எட்டரை ஆச்சுன்னதும் வாசல்ல செருப்ப எடுத்து வைப்பா. ஒரு வார்த்தை கெடையாது. போலீஸு வந்து விசாரிச்சப்ப மட்டும் வாயத் தெறந்தா. யாரு எறிஞ்சதுன்னு கேக்குறான். அந்த இருபது பொம்பளைகளும், நாங்க பாக்கலைய்யா, தூசி கண்ணுல விழுந்துருச்சுன்னுட்டாங்க. ஊரு கட்டிக்காத்துச்சு சார் என்னைய. இவ மட்டும், எங்க வீட்டுக்காரர்தான்யான்னு சொன்னா. அரசுத் தரப்புச் சாட்சி நம்பர் நாலு, பேச்சியம்மாள், கணவர் பெயர் தவசி. இத நான் எந்தக் கோயில்ல போயிச் சொல்ல?

அட, அவ சொல்றதுக்கு முன்னாலயே நான் மாட்டிட்டேன், அது வேற கதை. அதக் கேட்டா நீங்களே சிரிப்பீங்க. சிரிங்க, பரவால்ல.

அன்னைக்குக் காது குத்துக்குப் போகல. எந்த மூஞ்சியோட போறது? பத்தரைக்கு நல்ல நேரம் முடியுதுன்னு எங்க சித்தப்பா மகன் ராசாமணி மடியில வச்சுக் குத்திட்டாங்களாம். பத்து நிமிஷம் பொறுக்க முடியல கனகுக்கு. சரி, சீர்த்தட்டயாவது குடுத்துட்டு நாலு கேள்வி கேட்டுட்டு வருவோம்னு மறுநாக் காலையில கெளம்புனேன். எதுல போறது? எக்செல்லுல தட்டு கவுந்துரும், இந்த பஸ்ஸுதான இருக்கு. விலக்குல வந்து நின்னேன். வருது. பின்னால கண்ணாடிக்குப் பதிலா அட்டைய வச்சுக் கட்டியிருக்கான். கையக் காட்டல சார், நான் சும்மாதான் நின்னேன். அதுவா வந்து எம் முன்னால நிக்குது. புளியமரத்துப் பக்கமே ஓரங்கட்டி நிக்குது. எனக்கு எப்படி இருந்துச்சுங்கிறீங்க? ஏறுனேன். பஸ்ஸே அமைதியா இருக்கு. நான் சத்தமா, பாத்தீங்களா, ஒத்தக் கல்லுக்கு எப்படி நிக்குதுன்னு, அப்படின்னு சொன்னேன். சொல்லிட்டு டிக்கெட்ட வாங்கி மடியில சொருகுனேன்.

பஸ்ஸு அதுக்கப்புறம் எங்கயும் நிக்கல. நேரா ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள்ள கொண்டுபோயி நிறுத்துனாரு டிரைவரு. எறங்குங்கண்ணாச்சின்னாரு. டிக்கெட்டு எடுத்துக்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன ஆளு இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான் இருப்பேன். தட்டுல இருந்த பழத்தையெல்லாம் ஸ்டேஷன்லயே சாப்பிட்டுட்டானுக. பதினெட்டு நாளு உள்ள இருந்தேன்.

கூட்ஸு சார், கூட்ஸு! சத்தம் கேக்குதா? மணி என்ன? அம்பத்தெட்டா. நாப்பது பெட்டி இருக்கும் அதுக்கு. எண்ணிக்கிட்டே இருங்க.

இதே கல்லு அடுத்த வீட்டு ஓட்டுல விழுந்திருந்தா என்ன கேஸு தெரியுமா? வக்கீல் சொன்னாரு. அடுத்தவன் பொருளச் சேதப்படுத்துனா அவனும் நானும் உக்காந்து பேசிக்கிறலாம். நட்டத்தக் குடுத்துட்டு ரெண்டு பேரும் கோர்ட்டுல போயி, நாங்க ராசியாப் போறோம்னு சொன்னா முடிஞ்சது. பஸ்ஸு பொதுச் சொத்து. அதுக்குத் தனிச் சட்டம். கொறைஞ்சது ஒரு வருஷம், ஏறினா அஞ்சு வருஷங்கிறாரு. ராசியாப் போக வழியே கெடையாது. யாருகூட ராசியாகிறது? பொதுச் சொத்துன்னா அதுல எனக்கும் ஒரு பங்கு உண்டுல்ல? எம் பங்கு கண்ணாடியத்தான் நான் ஒடைச்சேன்னு வக்கீல்ட்டச் சொன்னேன். இத ஜட்ஜுகிட்டச் சொல்லிராதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

டிரைவரு சவரிமுத்துகிட்டயும் போயிக் கேட்டேன். அந்தா, முன்னால உக்காந்திருக்காரே, அவர்தான். அன்னைக்கும் அவர்தான், இன்னைக்கும் அவர்தான். டிப்போவுல போயி, நீங்க குடுத்த புகார வாபஸ் வாங்கிருங்கன்னு கேட்டேன். அண்ணாச்சி, வண்டி என்னுதா? எங்க அப்பன் வீட்டு வண்டியா இருந்தா அன்னைக்கே விட்டிருப்பேன். கேஸு எங் கையில இல்லண்ணாச்சின்னாரு. அதோட பேச்சு முடிஞ்சது. மூணு மாசத்துக்கு மேலாச்சு, நானும் அவருகிட்டப் பேசுறதில்ல, அவரும் எங்கிட்டப் பேசுறதில்ல.

ஆனா ஒண்ணு, பயம் இருக்கு சார் அவருக்கு. நான் இதுல வர ஆரம்பிச்ச இத்தன நாள்ல ஒரு நாளாவது எங்க விலக்குல நிக்காமப் போகட்டும் பாப்போம்? போகமாட்டாரு. இன்னொரு கல்லு வந்துருமோன்னு பயம். போர்டுகிட்ட நிறுத்துறதில்ல, புளியமரத்துகிட்டயே கொண்டாந்து நிறுத்துறாரு. ஒரு நாள் நான் வீட்டுல இருந்து கெளம்ப லேட்டாயிருச்சு. விலக்குல பஸ்ஸ நிறுத்திட்டு, ஆரன அடிக்கிறாரு, அடிக்கிறாரு, ஊரே கேக்குற மாதிரி அடிக்கிறாரு. கண்டக்டரு விசில் ஊதியும் எடுக்கல. நான் ஓடி வந்து ஏறுற வரைக்கும் நின்னாரு. எதுக்கு? நான் ஓடுறத பஸ்ஸு பூராப் பாக்கணும்னு. நக்கலு. எனக்குப் புரியாதா?

போயிருச்சு, கடைசிப் பெட்டி போயிருச்சு. தொறடா சாமி, தொற.

தொறந்துட்டான். மணி? பத்து ரெண்டு. இங்க இருந்து இருவது நிமிஷம். பத்து இருபத்திரெண்டு. அந்த ஸ்டேஷன் கடிகாரத்துக்கு இருபத்தெட்டு. ரெண்டு நிமிஷம் இருக்கு. நடுவுல ஒரு இடத்துலயும் நிக்காம இருந்தாப் போதும்.

என்ன கேட்டீங்க? ஆளுக்கு ஒண்ணும் ஆகலையாவா?

ஒண்ணும் ஆகல. கடைசி சீட்டுல ஒரு பிள்ளை இருந்துச்சு. நத்தப்பட்டிப் பிள்ளை, பேரு வினோதினி, நர்சுக்குப் படிக்குது. கண்ணாடித் தூளு பட்டு நெத்தியில மூணு தையலு. முடிய இப்படி இழுத்துவிட்டா தெரியாது. அதுக்கு ஒரு செக்‌ஷன் தனியாப் போட்டிருக்கான். அந்தப் பிள்ளைக்காகவா சார் எறிஞ்சேன்? எனக்கும் அதுக்கும் என்ன பக? அது அங்க உக்காந்திருக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்?

எங்க இருக்குதா? மெதுவாப் பேசுங்க. டிரைவருக்குப் பின் சீட்டு, பச்சைத் துப்பட்டா. அன்னைல இருந்து பின்னால உக்காருறதில்ல. முன்னாலதான். அதுகூடப் பரவால்ல. தெனமும் எங்க விலக்கு வர்றதுக்கு முன்னால ஜன்னல் ஷட்டர எறக்கி விட்டுரும். நான் ஏறி உக்காந்து பஸ்ஸு கெளம்புன பெறகுதான் ஏத்தும். இன்னைக்கும் எறக்குச்சு. மூணு மாசத்துக்கு மேலாச்சு. நான் என்ன தெனமும் கல்லக் கையில வச்சுக்கிட்டா நிக்கிறேன்? பெரிய மனுசன் ஏறுறான், ஒரு மரியாதை வேணாமா? படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுக்குறது?

வக்கீலு சொல்றாரு, அந்தச் செக்‌ஷன் ஒண்ணுலதான் ராசியாப் போக முடியும், அந்தப் பிள்ளைகிட்டப் போயி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க, அது மனசு வச்சா அந்த மட்டுக்காவது கொறையும்னு. தெரியாமப் பட்டதுக்கு எதுக்கு மன்னிப்பு? எந் தங்கச்சி மகன வேற மடியில உக்கார வச்சாங்களே, அதுக்கு எங்கிட்ட யாரு மன்னிப்புக் கேட்டா? தெனமும் எறங்கும்போது அது சீட்டத் தாண்டித்தான் போகணும். பின்வாசக் கதவு தொறக்காது, கயித்தப் போட்டுக் கட்டி வச்சிருக்கான் பாத்தீங்கள்ல. நான் கிட்டப் போனதும் அது மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்கிரும். திருப்பிக்கிறவகிட்ட எப்படிப் பேசுறது?

வேகமாப் போறாரு. நல்லாத்தான் ஓட்டுறாரு மனுசன். மணி என்ன? பத்து பதினொண்ணா? சரியாப் போயிரும். சரியாப் போயிரும் சார்.

அய்யய்யோ. கூத்தனேரி விலக்குல ஆளு நிக்குது.

ஒரு ஆளு, ஒரு பொம்பளை, இடுப்புல பிள்ளை. கையில பையி வேற வச்சிருக்கா. சரியா போர்டுக்கடியில நின்னு தொலைக்கிறாங்க. பைய ஏத்தி, பிள்ளைய ஏத்தி, சில்லறை இல்லைன்னு சொல்லி... ரெண்டு நிமிஷம் போயிரும் சார். அந்த ரெண்டு நிமிஷம்தான சார் எனக்கு இருக்கு.

என்ன? என்னையவா கூப்பிடுறாரு? டிரைவரா?

கேட்டீங்களா? அண்ணாச்சி, நிறுத்தவா, போகவான்னு கேக்குறாரு. எங்கிட்ட. கண்ணாடியில என்னையப் பாத்து. டிப்போவுல பேசுனதுக்கப்புறம் இதுதான் மொத வார்த்தை. அவருக்குத் தெரிஞ்சிருக்கு சார். என் மணி அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாரும் என்னையவே பாக்குறாங்க.

போங்க! போங்க டிரைவரே, நிறுத்தாதீங்க! போங்க!

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? நீங்களா இருந்தா நிறுத்தச் சொல்லுவீங்களா? எனக்கு ஜெயிலு சார், அவுகளுக்கு ஒரு பஸ்ஸு. ரெண்டும் ஒண்ணா?

கைய ஆட்டுறான். ஓடி வர்றான். ஏன்யா ஓடி வர்ற, அதான் நிக்கலைன்னு தெரியுதுல்ல. அந்தப் பொம்பளை அங்கயே நிக்கிறா. என்னமோ சொல்றா அவன்கிட்ட. அவன் நின்னுட்டான்.

குனியுறான்.

சார், தலையக் குனிங்க. குனிங்க சார். ஷட்டரு, இந்தச் சனியன் எறங்க மாட்டேங்குது, கைய வைங்க, அமுக்குங்க, ம். ஆச்சு. அப்படியே இருங்க. நிமிராதீங்க.

ஒண்ணும் விழலையே. சத்தம் ஒண்ணும் கேக்கலையே? பின்னால பாருங்க, நீங்க பாருங்க, நான் பாக்கல. என்ன செய்றான்? செருப்பா? அந்து போன செருப்பக் கையில எடுத்துட்டுத் திரும்பிப் போறானா?

செருப்ப எடுக்கத்தான் குனிஞ்சிருக்கான்.

கொஞ்சம் தண்ணி இருக்கா சார்? நெத்தி இங்க, இந்த எடத்துல, ஜில்லுன்னு ஆயிப்போச்சு எனக்கு. இவ்வளவு பயமாவா இருக்கும்? ஒரு மனுசன் ரோட்டோரம் குனிஞ்சா இவ்வளவு பயமா இருக்குமா சார்?

அந்தப் பிள்ளை திரும்பிப் பாக்குது. என்னையத்தான். இத்தன நாள்ல மூஞ்சியத் திருப்பிப் பாத்ததில்ல. நான் குனிஞ்சதப் பாத்திருச்சு, ஷட்டர எறக்குனதப் பாத்திருச்சு. முடி விலகிக் கெடக்கு, தையல் தழும்பு தெரியுது. மூணில்ல சார். அஞ்சாறு இருக்கும்.

சிரிக்கல சார் அது. அந்தப் பொம்பளைக சிரிச்சாங்க, பேச்சி சிரிச்சா, ஏட்டையா சிரிச்சாரு. இது சிரிச்சிருக்கலாம். இன்னைக்குச் சிரிச்சிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். சும்மா பாத்துச்சு, அப்புறம் மெதுவாத் திரும்பிக்கிருச்சு.

டவுனு வந்துருச்சு. மணி என்ன சார்? இருபத்திரெண்டா? ஸ்டேஷன் வாசல்லயே ஓரங்கட்டுறாரு பாருங்க, ஸ்டாப்பு அந்தப் பக்கம் இருக்கு. ரெண்டு நிமிஷம். ஓடுனா எட்டிரலாம்.

எந்திரிக்கணும். அது சீட்டத் தாண்டித்தான் போகணும். ஒரு வார்த்தை சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? என்னத்தச் சொல்ல, எங்கிட்டு ஆரம்பிக்க? நின்னு பேசுனா கடிகாரம் தாண்டிரும். அது ஆறு நிமிஷம் முன்னாடி ஓடுது, உங்களுக்குத்தான் சொன்னேனே.

வழி விடுங்க சார், நான் எறங்கணும். நாளைக்குச் சொல்லிக்கலாம். நாளைக்கும் இதே பஸ்ஸுதான்.